சக்களத்தியின் பதினோராவது பூச்சு

வார்னிஷ் அடிக்கிற நாளில் செட்ரிக்கின் கொட்டகைப் பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். ஒரு தூசு, ஒரு கொசு, சட்டையிலிருந்து உதிர்கிற ஒரு நூல் போதும், மனுஷன் சாமியாடிவிடுவான். காலையிலேயே தரை முழுக்கத் தண்ணீர் தெளித்து, ஜன்னல் இடுக்கையெல்லாம் காகிதம் ஒட்டி அடைத்து, கதவைச் சாத்தி, வெளியே தன் கையாலேயே எழுதிய பலகையை மாட்டிவிட்டு உள்ளே போவான். 'உள்ளே வார்னிஷ். கொட்டகை தீப்பிடித்தால் மட்டும் தட்டவும்.'

விளையாட்டுக்கு எழுதினது என்று நினைத்துவிடக் கூடாது. ஒருதடவை வில்ஃப், பாவம், ஓய்வுபெற்ற தபால்காரன், வாயில்லாப் பூச்சி, தேநீருக்குச் சர்க்கரை வேண்டுமா என்று கேட்கக் கதவைத் திறந்துவிட்டான். கூடவே ஒரு அந்துப்பூச்சியும் உள்ளே போய், ஈரமாக மின்னிக்கொண்டிருந்த ஒன்பதாவது பூச்சின் நட்டநடுவில் போய் ஒட்டிக்கொண்டது. செட்ரிக் ஒரு மாதம் வில்ஃபிடம் பேசவில்லை. அதற்குப் பிறகு பேசினபோதும் முதல் வார்த்தை 'பூச்சி' என்பதுதான்.

பழைய நீராவி ரயிலை ஆசைக்காக ஓட்டுகிற ஸ்கார்பெக் ரயில்பாதையில் வேலை செய்கிற எல்லாருமே சம்பளமில்லாத ஆட்கள்தான். எஞ்சின்காரர்களுக்குக் கரியும் புகையும் கும்பலும் கிடைக்கும், பழைய ரயில்பெட்டியைப் புதுசாக்குகிற பெட்டிக்காரர்களுக்குக் குளிர்ந்த கொட்டகையும் உப்புத்தாளும்தான். அந்தப் பெட்டிக்காரர்களில் செட்ரிக் ஆல்டர்சன் பத்தொன்பது வருஷமாக ஒரே பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதான். எண் 1147. ஆறு அறை, ஆறு கதவு, முழுக்கத் தேக்கு. அதற்கு முன் நாற்பது வருஷம் பக்கத்து த்வெய்ட் பண்ணையில் அது கோழிக்கூடாகக் கிடந்தது. கோழி எச்சத்தைச் சுரண்டியே முதல் இரண்டு வருஷம் போயிற்று.

அவன் மனைவி டோரீன் அந்தப் பெட்டிக்கு வைத்த பேர்தான் சக்களத்தி. "என் சக்களத்தி எப்படி இருக்கா?" என்றுதான் பாலினைப் பார்த்ததும் கேட்பாள். பாலின் அந்தப் பெட்டிக்கு இருக்கை தைத்தவள். குதிரைமயிரைப் பிரித்து, அடைத்து, மேலே நீலத் துணி இழுத்துக் கட்டுகிற வேலை. டோரீனும் அவளும் பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் ஒன்றாக உருளைக்கிழங்கு உரித்தவர்கள். ஒருத்தி வீட்டுச் சாவி இன்னொருத்தி பையில் இருக்கும்.

"உன் புருஷனுக்கு அவமேலதான் கண்ணு. நேத்து அவ கதவுக் கைப்பிடியைத் தொடைச்சான் பாரு, குழந்தைக்கு மூக்கு தொடைக்கிற மாதிரி" என்று பாலின் சொல்வாள்.

"எனக்கு ஒருநாளாச்சும் அப்படித் தொடைச்சுவிட்டிருப்பானா? இருக்கட்டும், ஒருநாள் அவமேல ஏறி உக்காந்து முட்டை சாண்ட்விச் தின்னு துணியெல்லாம் சிந்திட்டு வரேன் பாரு" என்பாள் டோரீன்.

அந்தப் பேச்சு நிஜமாவதற்கு நாள் குறித்தாயிற்று. ஆகஸ்ட் இரண்டாவது சனிக்கிழமை 1147 முதல்முறையாக ஆட்களை ஏற்றி ஓடும். அதற்குள் டோரீனுக்குக் கல்லீரலில் வந்த புற்றுநோய் எலும்புவரை இறங்கிவிட்டது. ஜூலையில் ஹேவர்பியில் இருக்கும் இல்லத்துக்கு மாற்றினார்கள். இனி வைத்தியமில்லை என்றானவர்களை வலியில்லாமல் பார்த்துக்கொள்கிற இடம். டாக்டர் சில வாரங்கள் என்றார். டோரீன் விரலை மடக்கி எண்ணிப் பார்த்து, "சனிக்கிழமைக்குப் போதும்" என்றாள். சக்கர நாற்காலியை ஏற்றுவதற்கு வில்ஃப் ஒரு பலகைச் சரிவுகூடச் செய்து வைத்துவிட்டான்.

பாக்கி இருந்தது கடைசிப் பூச்சு, பதினோராவது. நடைமேடைப் பக்கம் திங்கட்கிழமை, வயல் பக்கம் புதன்கிழமை.

கடைசிப் பூச்சை ஒரே மூச்சில் அடித்து முடிக்க வேண்டும். பிரஷ் விட்ட இடத்தின் விளிம்பு ஈரமாக இருக்கும்போதே அடுத்த வீச்சு அதன்மேல் ஏற வேண்டும். ஐந்து நிமிஷம் நின்றால் போயிற்று, விளிம்பு காய்ந்து கோடு விழும். கோடு விழுந்தால் மொத்தப் பக்கத்தையும் தேய்த்தெடுத்து, பத்து நாள் காயவிட்டு, மறுபடி அடிக்க வேண்டும். பத்து நாள் என்றால் அந்தச் சனிக்கிழமை கிடையாது. டோரீனுக்கு வேறு சனிக்கிழமை கிடையாது.

திங்கட்கிழமை காலையில் செட்ரிக் வந்து இறங்கியபோது பாலினுக்குப் பொறுக்கவில்லை.

"அவளைத் தனியா விட்டுட்டு இன்னிக்கு எதுக்குடா வந்த?"

"நான் எங்க வந்தேன், அவ துரத்திவிட்டா. 'மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு என் கட்டில்கிட்ட உக்காந்திருக்காத, போய் உன் சின்ன வீட்டுக்கு அலங்காரம் பண்ணு, சனிக்கிழமை நான் வந்து குறை சொல்லணும்'னா."

"சாப்பிட்டாளா?"

"நேத்து அரை முட்டை. அதுவும் உப்பு இல்லைன்னு நர்ஸை ஒரு பிடி பிடிச்சிட்டு."

சிரித்துக்கொண்டே வருகைப் புத்தகத்தில் '8.40' என்று எழுதினான். வந்த நேரம், போன நேரம், டெலிபோன் வந்த நேரம், எல்லாம் அந்தப் புத்தகத்தில் ஏற வேண்டும். ரயில்காரர்கள் ஆயிற்றே, கொட்டாவி விட்டால்கூட மணி பார்த்து எழுதுகிற கூட்டம். பிறகு பலகையை மாட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

அந்தப் பள்ளத்தாக்கில் செல்போன் எடுக்காது. தேநீர் அறையில் இருக்கிற பழைய டெலிபோன்தான் எல்லாருக்கும். அது அடித்தபோது பாலின்தான் எடுத்தாள்.

"மிஸ்டர் ஆல்டர்சன் இருக்காரா? ஹேவர்பி இல்லத்துல இருந்து பேசுறோம். அவங்களுக்கு மூச்சு மாறியிருக்கு. அவர் உடனே வந்தா நல்லது."

"எவ்வளவு நேரம்... எப்படி இருக்கு?"

"அதை எங்களால சொல்ல முடியாதும்மா. சாயங்காலம் வரைக்கும் தாங்கலாம். சீக்கிரமாவும் ஆகலாம். அவரைக் கேக்குறாங்க."

"இதோ, இப்பவே அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். கை தானாகப் புத்தகத்தை இழுத்தது. '10.10. ஹேவர்பி இல்லம். செட்ரிக் உடனே வர வேண்டும்.'

வில்ஃப் எழுந்து நின்றுவிட்டான். "டோரீனா?"

"ம்."

"போய்க் கதவைத் தட்டு."

"இரு. எவ்வளவு முடிச்சிருக்கான்னு பாத்துக்கறேன்."

கொட்டகைக் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி உண்டு. அதன்வழியே பார்த்தாள். மூன்று அறை முடிந்திருந்தது. செட்ரிக் நாலாவது கதவின் மேல்விளிம்பில் பிரஷ் வைத்திருந்தான். அவன் உதடு குவிந்திருந்தது, சீட்டியடித்துக்கொண்டிருக்கிறான். முடிந்த பாதி, எதிரிலிருந்த சுவரைக் கண்ணாடி மாதிரி காட்டியது. பத்தொன்பது வருஷத்தில் அவன் அடித்த பூச்சுகளிலேயே இதுதான் அழகு என்று அவளுக்குத் தெரிந்தது.

தட்டத் தூக்கிய கையை இறக்கிவிட்டாள்.

"என்ன பாலின்?" வில்ஃப் பின்னாலேயே வந்திருந்தான்.

"பாதி முடிச்சிட்டான். இன்னும் அரைமணி நேரம். முடிச்சதும் சொல்லிடலாம்."

"அரைமணி நேரமா? உடனேன்னுல்ல சொன்னாங்க?"

"சாயங்காலம் வரைக்கும் தாங்கலாம்னும் சொன்னாங்க. இப்பத் தட்டினா கோடு விழும், வில்ஃப். சனிக்கிழமை போச்சு. அதுக்காகத்தானே அவ உசுரைப் பிடிச்சு வச்சிருக்கா? 'உன் மூச்சு மாறினதால வண்டி ஓடல'ன்னு அவகிட்ட நீ போய்ச் சொல்றியா?"

வில்ஃபுக்குக் கதவைப் பார்த்தாலே அந்துப்பூச்சி ஞாபகம். பலகையைப் பார்த்தான், பாலினைப் பார்த்தான், பின்வாங்கி நின்றான்.

நர்ஸ் சொன்னதில் பாதியைப் பிடித்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டாள் பாலின். என்ன கணக்கு அது! சனிக்கிழமை டோரீன் வர வேண்டும் என்பதற்காகத் திங்கட்கிழமை டோரீனைக் காக்கவைத்தாள். ஆனால் அந்த நேரத்தில் அது கணக்காகத் தெரியவில்லை, பாசமாகத் தெரிந்தது. காரைத் திருப்பிக் கொட்டகை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். செட்ரிக்கின் கோட்டை எடுத்துப் பின்சீட்டில் போட்டாள். கண்ணாடி வழியே ஐந்தாவது கதவைப் பார்த்தாள், ஆறாவதைப் பார்த்தாள். வேகமாக அடியேன்டா, அடியேன்டா என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

கதவு திறந்து செட்ரிக் வெளியே வந்தபோது முகமெல்லாம் பல். "வந்து பாரு பாலின், ஒரு கோடு கிடையாது!"

"இல்லத்துல இருந்து கூப்பிட்டாங்க. டோரீனுக்கு முடியலையாம். வண்டியில ஏறு."

வழியெல்லாம் அவன் பேசிக்கொண்டே வந்தான். நேற்று நன்றாகத்தான் இருந்தாள், இடையிடையே இப்படி வரும், போன வாரமும் வந்தது, ஊசி போட்டார்கள், சரியாயிற்று. "சனிக்கிழமை அவளை அந்த நடைமேடையில நிறுத்தி, அதுல அவ மூஞ்சியை அவளே பாக்க வைக்கிறேன் பாரு. தலை சீவிக்கலாம் அதுல." பாலினுக்கு எதிரே வருகிற வண்டிகூடச் சரியாகத் தெரியவில்லை. இருபத்தைந்து நிமிஷப் பாதை. நடுவில் ஓரிடத்தில் ஆடுகள் வேறு சாலையைக் கடந்தன.

அவர்கள் போய்ச் சேரும்போது டோரீன் போய்க் கால்மணி நேரம் ஆகியிருந்தது. பத்து ஐம்பத்தைந்து என்றார்கள்.

செட்ரிக் கட்டிலருகே போய்க் கையை நீட்டினான், பிறகு இழுத்துக்கொண்டான். விரலெல்லாம் வார்னிஷ் பிசுபிசுத்தது. திரும்பி நர்ஸிடம், "இந்த வார்னிஷைத் துடைக்கக் கொஞ்சம் டர்பன்டைன் கிடைக்குமா?" என்று கேட்டான். அந்த இடத்தில் டர்பன்டைனுக்கு எங்கே போவது? அவள் விழித்தாள். அவன் மணிக்கட்டைத் திருப்பி, சுத்தமாயிருந்த பின்பக்கத்தை மட்டும் டோரீனின் கன்னத்தில் வைத்து, அப்படியே நின்று அழுதான்.

நடையில் அந்த நர்ஸ் பாலினிடம் மெதுவாகச் சொன்னாள். "வாசலையே பாத்துக்கிட்டிருந்தாங்க. சொல்லியாச்சு, கிளம்பிட்டார்னு நான்தான் சொல்லிக்கிட்டே இருந்தேன். நீங்க இப்பவே அனுப்புறேன்னு சொன்னீங்களே, அதனால."

பாலின் தலையை ஆட்டினாள்.

இறுதிச்சடங்கு நடந்தது. தேநீர், ஹாம், பழக்கேக் எல்லாம் பாலினே நின்று பரிமாறினாள். செட்ரிக் வந்து அவள் தோளைத் தொட்டு, "அன்னிக்கு நீ இல்லைன்னா எனக்குக் கைகால் ஓடியிருக்காது" என்றபோது அவள் பழக்கேக் தட்டை அவனிடம் நீட்டினாள். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று மூன்று வாரம் ஓடியது. 1147 ஓடுவதைச் செப்டம்பருக்குத் தள்ளிவைத்தார்கள்.

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடவா?" என்று ஒருநாள் வில்ஃப் கேட்டான். "புத்தகத்துல பத்து பத்துன்னு இருக்கு. அதுக்குக் கீழ நான் வேற எழுதித் தொலைச்சிருக்கேன். பழக்க தோஷம்."

"கிழிக்காத" என்றாள் பாலின். "நானே சொல்றேன்."

சொல்லவில்லை. அதற்குள் செட்ரிக் ஒரு திங்கட்கிழமை காலையில், பாதியாகக் கரைந்த உடம்போடு, வயல் பக்கத்தை முடிக்க வந்து நின்றான். தேநீர் அறையில் புத்தகத்தைத் திறந்து '9.05' எழுதினான். பிறகு பக்கங்களைப் பின்னால் புரட்டினான்.

"என்ன தேடுற?" என்று கேட்டாள் பாலின்.

"அன்னிக்குக் கிளம்பின நேரம் எழுதாம போயிட்டேன். அப்படியே நிக்குது."

மனைவி செத்த நாளின் வெளியேறும் நேரத்தை எழுத வந்திருக்கிறான் அந்த மனுஷன். வேறு யாருக்கு இது தோன்றும்! பக்கத்தைக் கண்டுபிடித்தான். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டான். விரல் ஒரு வரியில் நின்றது. பாலினின் எழுத்து, '10.10'. அடுத்த வரிக்கு இறங்கியது. வில்ஃபின் எழுத்து, '10.41. செட்ரிக்கிடம் சொல்லப்பட்டது.'

"முப்பத்தொரு நிமிஷம்" என்றான்.

வில்ஃப் எழுந்து வெளியே போய்விட்டான்.

"ஏன் தட்டல?"

"விளிம்பு ஈரமா இருந்துச்சு" என்றாள் பாலின். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. "சனிக்கிழமை போயிடுமேன்னு... அவளுக்காகத்தான் செட்ரிக். சத்தியமா அவளுக்காகத்தான்."

அவன் எழுந்து கொட்டகைக்கு நடந்தான். அவளும் பின்னாலேயே போனாள். நடைமேடைப் பக்கம் மூன்று வாரமாகத் தொடுவாரில்லாமல் மின்னிக்கொண்டு நின்றது.

"பத்து பத்துக்கு நான் எங்க இருந்தேன்?"

"நாலாவது கதவு. மேல்விளிம்புல."

போய் நாலாவது கதவில் உள்ளங்கையை வைத்தான். அங்கிருந்து மெதுவாகப் பெட்டியின் ஓரமாக நடந்தான். நாலாவது அறை, ஐந்தாவது, ஆறாவது. கடைசியில் போய் நின்று திரும்பிப் பார்த்தான்.

"அங்க இருந்தே கிளம்பியிருந்தா போய்ச் சேர்ந்திருப்பேன்."

"ஆமா."

"கால்மணி நேரம் இருந்திருப்பா."

"ஆமா, செட்ரிக்." அவள் தேம்பிக்கொண்டிருந்தாள். "என்னைத் திட்டுடா. என்ன வேணும்னாலும் சொல்லு."

"நீ தட்டியிருந்தா உன்னைத் திட்டியிருப்பேன்" என்றான்.

"தெரியும்."

"திட்டிக்கிட்டே போயிருப்பேன், பாலின்."

அவ்வளவுதான் சொன்னான்.

பிறகு பிரஷை எடுத்தான். தரையில் தண்ணீர் தெளிக்கவில்லை. ஜன்னலில் காகிதம் ஒட்டவில்லை. கதவில் தொங்கிய பலகையைக் கழற்றிச் சுவரோரம் கவிழ்த்து வைத்துவிட்டு, இரட்டைக் கதவையும் அகலத் திறந்து, கதவுக்கொரு செங்கல்லை முட்டுக்கொடுத்தான். த்வெய்ட் பண்ணையில் அன்றைக்குப் பார்த்து அறுவடை. பதரும் தூசியும் வெயிலில் மினுங்கிக்கொண்டு காற்றோடு கொட்டகைக்குள் வந்தன.

"செட்ரிக், கதவு."

"திறந்து கிடக்கட்டும்."

"தூசியெல்லாம் வந்து ஒட்டுது பாரு."

"ஒட்டட்டும். டெலிபோன் அடிச்சா எனக்குக் கேக்கணும்."

இனி யார் கூப்பிடப் போகிறார்கள் என்று கேட்க யாருக்கு வாய் வரும்? அவன் அடித்துக்கொண்டே போனான். கை பழைய கைதான், வீச்சில் ஒரு பிசகு இல்லை. பின்னாலேயே தூசி வந்து உட்கார்ந்துகொண்டே போயிற்று. சீட்டியில்லை. ஒவ்வொரு வீச்சுக்கும் நடுவில் தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தான்.

மூன்றாவது அறையின் பாதியில் இருக்கும்போது நிஜமாகவே டெலிபோன் அடித்தது. செட்ரிக் பிரஷை டப்பாவில் போட்டுவிட்டு, எழுபத்துநாலு வயசுக்காரன், ஓடினான். தேநீர் அறை வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க நின்றான். பாலின் அதற்குள் எடுத்திருந்தாள்.

"யாரு?"

அவள் டெலிபோன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னாள். "யாரோ ஒரு அம்மா. ஞாயித்துக்கிழமை ரயில்ல நாயைக் கூட்டிட்டு வரலாமான்னு கேக்குறாங்க."

"நாயா?"

"நாய்தான்."

"வரலாம்னு சொல்லு" என்றான் செட்ரிக். "கயிறு கட்டிக் கூட்டிட்டு வரச் சொல்லு."

சொல்லி முடித்து அவள் டெலிபோனை வைக்கும்வரை நின்றான். வைத்த பிறகும் நின்றான். பாலின் புத்தகத்தில் நேரத்தை எழுதியதைப் பார்த்தான். அப்புறம்தான் திரும்பிப் போனான். அதற்குள் விளிம்பு காய்ந்துவிட்டது. அதன்மேல் பிரஷை வைத்து, விட்ட இடத்திலிருந்து அடித்துக்கொண்டு போனான்.

செப்டம்பரில் 1147 ஓடியது. நடைமேடையில் நின்று எல்லாரும் அதில் தங்கள் முகத்தைப் பார்த்து ஆகா என்றார்கள். வயல் பக்கம், மூன்றாவது அறையின் நடுவில், மேலிருந்து அடிவரை ஒரு கோடு ஓடுகிறது. தொட்டால் உப்புத்தாள் மாதிரி பதர் உறுத்தும். நிர்வாகக் குழுவில் அதைத் தேய்த்து மறுபடி அடிக்கலாம் என்று இரண்டுதடவை பேச்சு வந்தது. இரண்டுதடவையும் பாலின் எழுந்து நின்று, கூடாது என்றாள், காரணம் சொல்லவில்லை. அந்தப் பெட்டியின் இருக்கை எல்லாம் அவள் தைத்ததுதான். அவள் இன்னும் அதில் ஏறி உட்கார்ந்ததில்லை.